வாலைத் தாண்டிய மீன்

மலைக்கு மேலே ஒரு பெரிய அணை. சுற்றிலும் கற்பூர மரங்களும் சோலைக்காடும். அந்த அணைத் தண்ணீரில் டிரவுட் மீன்கள் இருந்தன. அவற்றைத் தின்று வாழும் நீர்நாய்களும் இருந்தன.

தின்கிறவரும் தின்னப்படுகிறவரும் ஒரே தண்ணீரில் குடியிருந்தால் ஏதாவது ஒரு முறை வேண்டுமா இல்லையா? நீர்நாய்களிடம் ஒரு முறை இருந்தது. மீனைப் பிடித்தால் அதைக் கரையில் போட்டு, பக்கத்தில் தன் வாலை நீட்டி அளக்க வேண்டும். மீன் வாலுக்குள் அடங்கினால் தின்னலாம். வாலைத் தாண்டினால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஏனென்றால் பெரிய மீன்தான் வயிறு நிறைய முட்டை சுமக்கும். பனிக்காலத்தில் ஓடை ஏறிப் போய்க் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும். அதைத் தின்றுவிட்டால் அப்புறம் எல்லாரும் நண்டு ஓட்டை நக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அளந்து முடித்ததும் கூட்டத் தலைவி சாம்பலியிடம் போய், "அடங்கிச்சு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாம்பலி வந்து பார்க்க மாட்டாள். நம்பிக்கைதான்.

அந்தக் கூட்டத்தில் கொழுமீசை என்று ஒருவன் இருந்தான். நல்ல நீச்சல்காரன். ஆனால் அவன் மீன் பிடிக்கும் நேரத்தைவிட, பிடித்த கதையைச் சொல்லும் நேரம் அதிகம். கையளவு மீனைப் பிடித்தாலும் கேட்கிறவர் கண்ணுக்கு அது படகு மாதிரி தெரியும்படி சொல்லுவான்.

பனி விழத் தொடங்கிய ஒரு காலையில், ஓடை வந்து அணையில் சேரும் இடத்தில் கொழுமீசை முங்கினான். மேலே வந்தபோது அவன் வாயில் ஒரு மீன். திமிறுகிற அதைத் தூக்க முடியாமல் பின்பக்கமாகவே நடந்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டான். புள்ளிக்காரி என்று அந்த அணை முழுக்கப் பெயர் பெற்ற மீன் அது. வயிறு நிறைய முட்டை. ஓடை ஏறப் போன வழியில்தான் மாட்டிக்கொண்டாள்.

கொழுமீசை வாலை நீட்டி அளந்தான். தாண்டியது. மறுபடி நன்றாக இழுத்து நீட்டி அளந்தான். அப்போதும் தாண்டியது. அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. சரி, வால் முதுகிலிருந்துதானே கிளம்புகிறது, முதுகையும் வாலோடு சேர்த்தால் என்ன குற்றம் என்று தனக்குத்தானே நியாயம் பேசினான். கழுத்திலிருந்து அளந்தான். அழகாக அடங்கியது.

கடிக்க வாயைத் திறந்தான். கெஞ்சினால் இவன் விடமாட்டான் என்று புள்ளிக்காரிக்குத் தெரியும். இவனுக்கு எது பிடிக்கும் என்பதும் தெரியும்.

"தின்னுங்கண்ணே, நான் வேண்டாம்னு சொல்லலே," என்றாள். "தின்னு முடிச்சா முள்ளுதான் மிஞ்சும். முள்ளைக் காட்டி புள்ளிக்காரியைப் பிடிச்சேன்னு சொன்னா யாரு நம்புவா? அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

திறந்த வாய் அப்படியே நின்றது. கொழுமீசை யோசித்தான். இவள் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்று பட்டது.

கரையோரப் பாறையில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழி இருந்தது. புள்ளிக்காரி நீட்டிப் படுக்க இடம் காணும், நீந்த இடம் காணாது. அதற்குள் அவளைத் தள்ளினான். சாயங்காலம் வரைக்கும் எல்லாருக்கும் காட்டுவது, அப்புறம் தின்பது என்று முடிவு.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. சாம்பலியிடம் ஓடினான். அவள் பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, மீன் ஒண்ணு கிடைச்சுது. அடங்கிச்சு."

"அடங்கிச்சுன்னா தின்னுட்டுப் போ மாப்ளே. மூச்சு வாங்குதே, என்ன?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. குட்டை மீன்தான். ரொம்பக் குட்டை."

சாம்பலி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்தால் குழிக்கரையில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த நீர்க்காகத்தின் காதில் ஒன்றைப் போட்டால் அணையின் மறுகரைக்குத் தானாகப் போய்ச் சேரும். அது குழியை எட்டிப் பார்த்து, இது எப்படி ஐயா உன் வாய்க்குள் வந்தது என்று கேட்டது. கேட்டதுதான் தாமதம். கொழுமீசை ஆரம்பித்தான். அடியாழத்துக்குப் போனது, மூச்சு முட்டியது, மீன் அவனை அணைச்சுவர் வரைக்கும் இழுத்துப் போனது, இவன் சுவரில் காலை ஊன்றி ஒரே எத்தாக எத்தி மேலே வந்தது எல்லாம் சொன்னான். கடைசியில், "ரெண்டு வால் நீளம் இருக்கும். கூடவே இருக்கும், குறையாது," என்றான்.

புள்ளிக்காரி குழிக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தலைவியிடம் அடங்கிச்சு என்றுதான் சொல்லியிருப்பான். தலைவிக்கு ஒரு அளவு, ஊருக்கு ஒரு அளவு. அவள் செவுள் லேசாக ஆடியது. மீன் சிரித்தால் அப்படித்தான்.

வெயில் ஏறுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சோலையிலிருந்து கருமந்திகள் குட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தன. தண்ணீர் குடிக்க வந்த காட்டெருமை நின்று பார்த்தது. ஒவ்வொருவருக்கும் கொழுமீசை புதுசாக ஒரு தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஆழம் கொஞ்சம் கூடியது. கதையில் ஒரு முதலையும் வந்து சேர்ந்தது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முதலை ஏது என்று ஒரு கிழட்டு மந்தி கேட்டுப் பார்த்தது. வழி தவறி வந்த முதலை என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில் அவனுக்கு அகோரப் பசி. காலையிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. ஆனால் குழியை விட்டு அந்தப் பக்கம் போக முடியாது. மேலே கழுகு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணெதிரே அத்தனை பெரிய மீனை வைத்துக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றான்.

அவன் பெண்சாதி சிலுப்பி வந்தாள். குழியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. வயிற்றில் முட்டை இருக்கிறது, தண்ணீர் சூடேறினால் செத்துப்போவாள், விட்டுவிடு என்று சொன்னாள். அத்தையிடம் சொல்லியாகிவிட்டது என்றான் அவன்.

"என்னன்னு சொன்னே?"

அவன் குரலைத் தாழ்த்தி, "குட்டைன்னு," என்றான்.

சிலுப்பி கூட்டத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அடக்க முடியாமல் மணலில் புரண்டு புரண்டு சிரித்தாள். "உன் பாடு, உன் மீசை பாடு," என்று சொல்லிவிட்டு நண்டு தேடப் போய்விட்டாள்.

உச்சி வெயில் குழியில் நேராக இறங்கியது. தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர்ந்த தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு அது. புள்ளிக்காரிக்கு மூச்சு இறைத்தது. இனிமேல் தாமதித்தால் தானும் இல்லை, வயிற்றில் உள்ளதும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. கொழுமீசை காட்டெருமையிடம் முதலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நீர்க்காகத்தைக் கண்ணால் கூப்பிட்டாள். இத்தனை பேர் பார்த்தாகிவிட்டது, சாம்பலியத்தை மட்டும் பார்க்காமல் இருப்பது அண்ணனுக்குத்தானே மரியாதைக் குறைவு என்று அதன் காதில் போட்டாள்.

நீர்க்காகம் பறந்தது. சாம்பலியிடம் போய், ரெண்டு வால் நீள மீனை உங்கள் மாப்பிள்ளை பிடித்து வைத்திருக்கிறான், நீங்கள் இங்கே படுத்துக் கிடக்கிறீர்களே என்றது.

சாம்பலி எழுந்து வந்தாள். கூட்டம் வழி விட்டது. கொழுமீசை முதலையின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் பாதிப் பல்லில் நிறுத்திக்கொண்டான்.

"மாப்ளே," என்றாள் சாம்பலி, "காலையில சொன்னியே, அந்தக் குட்டை மீன் எங்கே?"

கொழுமீசை மீசையைத் தடவினான். "அதைத் தின்னுட்டனுங்க அத்தை."

"அப்போ இது?"

"இது வந்து... இதுவும் குட்டைதானுங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ரெண்டு வால் என்றாயே என்று மந்திகள் கேட்டன. முதலை என்றாயே என்றது காட்டெருமை. கொழுமீசை அந்தப் பக்கம் பார்த்தால் மானம் போகிறது. இந்தப் பக்கம் பார்த்தால் மீன் போகிறது.

அப்போது குழிக்குள்ளிருந்து புள்ளிக்காரி பேசினாள். அவளுக்குப் பேசவே தெம்பு இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அண்ணன் சொல்றது நிசந்தாங்க. நான் குட்டை. சும்மா ஒரு சின்ன மீன். பாவம், அவருக்குக் கிடைச்சது இவ்வளவுதான். இதைப் போய்ப் பார்க்க இத்தனை பேரு வேலையை விட்டுட்டு வந்துட்டீங்களே. போங்க, போங்க. பொழுது போகுது."

சொல்லிவிட்டு, அந்தக் குழிக்குள்ளேயே உடம்பை வளைத்துச் சுருட்டிக்கொண்டாள். மேலிருந்து பார்த்தால் நிஜமாகவே ஏதோ சின்ன மீன் மாதிரி இருந்தது.

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரு மந்தி முனகியது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. காட்டெருமை மூக்கால் ஒரு மூச்சு விட்டு நடந்தது. நீர்க்காகம் இறக்கையை மடித்துக்கொண்டே, நாளைக்குத் தவளை பிடித்தாலும் சொல்லி அனுப்பு, வந்து பார்க்கிறோம் என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நண்டைக் கடித்தபடி வந்து நின்ற சிலுப்பியும் சிரித்தாள்.

பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டவனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"யாரடி குட்டை!" என்று கத்தினான் கொழுமீசை. "எல்லாரும் நில்லுங்க! என் கையில சின்ன மீனா சிக்கும்? இங்கே வந்து பாருங்க!" என்று குழிக்குள் தொபீரென்று வாலைப் போட்டான். கழுத்திலிருந்து அல்ல, வால் தொடங்கும் இடத்திலிருந்து, முறைப்படி நேராக நீட்டினான்.

புள்ளிக்காரி அவனுக்கு ஒத்தாசை செய்தாள். சுருட்டிய உடம்பை மெல்ல நிமிர்த்தி, இருக்கிற நீளத்துக்கெல்லாம் நீட்டிப் படுத்தாள். அவள் தலை மட்டுமல்ல, விலாவில் பாதியும் வாலைத் தாண்டி நின்றது.

கூட்டம் வாயைப் பிளந்தது. கொழுமீசை மார்பை நிமிர்த்தி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். கடைசியாகச் சாம்பலியின் முகத்தைப் பார்த்தான். அங்கேதான் அவனுக்கு உறைத்தது.

"நல்லா அளந்தே மாப்ளே," என்றாள் சாம்பலி. "எல்லாரும் பார்த்தாச்சு. கொண்டுபோய் விடு. பல்லுப் படாம தூக்கு."

கொழுமீசை தூக்கினான். வாயில் எச்சில் ஊற ஊற, பல் படாமல், ஓடை சேரும் இடம் வரைக்கும் தூக்கிப் போனான். தண்ணீரில் விட்டதும் புள்ளிக்காரி கொஞ்ச நேரம் பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடந்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீர் செவுளுக்குள் போய் வந்தது. வால் ஒரு தடவை அசைந்தது. அப்புறம் நிமிர்ந்தாள்.

போகிற போக்கில், "வழி தவறி வந்த அந்த முதலையைக் கேட்டதா சொல்லுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ஓடைக்குள் பாய்ந்தாள்.

கூட்டம் முழுக்க அவள் பின்னாலேயே கரையோரமாக ஓடியது, அவள் பாறை தாவி ஏறுவதைப் பார்க்க. பிடித்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலுப்பி மட்டும் நின்று, தன் நண்டில் மிச்சமிருந்த ஒரு காலை அவன் முன்னால் போட்டாள். அளந்து பார்த்துவிட்டுத் தின்னு என்றாள். அவன் அளக்காமலேயே தின்றான்.

அடுத்த மழைக்கு ஓடையிலிருந்து மீன் குஞ்சுகள் திரள் திரளாக அணைக்குள் இறங்கின. அவை வளர்ந்ததும் நீர்நாய்கள் எல்லாரும் வயிறாரத் தின்றார்கள். கொழுமீசையும் தின்றான், அதிகம் பேசாமல் தின்றான்.

ஆளுக்குத் தகுந்தாற்போல் அளவை மாற்றிச் சொல்கிறவன், கடைசியில் தன் வாயாலேயே தன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவான்.