தகவல் பாறையில் ஒரு பச்சை இலை

கருங்குளக் காட்டில் கிழங்குக் குகைக்குப் பொறுப்பாளி கரடி கருப்பண்ணன். மழைக்காலத்துக்கு வேண்டிய கிழங்கைக் காட்டுப் பன்றிகள் தோண்டிக் கொண்டுவந்து கொடுக்கும். கருப்பண்ணன் அதைக் குகையில் அடுக்கி வைப்பான். பசித்தவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பான். கேட்கக் கூச்சப்பட்டு நிற்பவருக்கும் கொடுப்பான். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. அது பழசாக இருந்தது.

"பக்கத்துக் காட்டுக்காரங்க நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்களாம்," என்றான் குரங்கு கோதண்டம்.

காட்டுக்குத் தலைவி பெரியநாயகி என்ற யானை. அவள் எதை வேண்டுமானாலும் தாங்குவாள். பக்கத்துக் காடு சிரிப்பதை மட்டும் தாங்கமாட்டாள்.

இதற்கு முன்னாலும் அந்தக் காட்டில் புதுப் புது ஏற்பாடுகள் வந்ததுண்டு. ஒரு வருடம் சேதி அனுப்புவதற்கென்று சிலந்திகளை வைத்து மரத்துக்கு மரம் வலை கட்டினார்கள். காற்றடித்ததும் போயிற்று. பிறகு மரங்கொத்தியை நியமித்தார்கள். அது தினமும் காலையில் மரத்தைக் கொத்திக் கொத்தி அறிக்கை கொடுக்கும். யாருக்கும் புரியாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அது இன்னும் கொத்திக்கொண்டிருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படி ஒரு மரங்கொத்தி உண்டு. அதன் அறிக்கைக்கு முதலில் தலையாட்டுகிறவன் நான்தான்.

இப்படியிருக்கும்போது வெளியிலிருந்து கொண்டலாத்தியார் என்ற பறவை வந்து சேர்ந்தார். தலையில் விசிறி மாதிரி கொண்டை. இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. அவர் குளக்கரையில் இறங்கி நடந்த நடையிலேயே பாதிக் காடு மயங்கிவிட்டது.

"இப்ப எந்தக் காட்டுலயும் யாரும் நேர்ல போய்க் கிழங்கு கேக்கறதில்லை," என்றார் அவர். "எல்லாம் சங்கிலி முறைதான். ஒரு முனையில தேவை கிளம்பும். இன்னொரு முனையில சரக்கு கிளம்பும். நடுவுல தகவல் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க இருந்த இடத்தை விட்டு அசையவே வேண்டாம்."

அசையவே வேண்டாம் என்பது பெரியநாயகிக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

கருப்பண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "பசிச்சவங்க நேரா என் குகைக்கு வந்து நின்னா?"

"வரக் கூடாது."

"வந்துட்டா?"

"அதுக்குத்தான் பயிற்சி வகுப்பு இருக்கு," என்றார் கொண்டலாத்தியார். "சந்தனக் காடு மாறிடுச்சு. புலிமலை மாறிடுச்சு. பாக்கி நீங்க மட்டும்தான்."

மாறிய காடுகளில் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடுமே!

ஏற்பாடு தயாரானது. மலையடிவாரத்தில் கருப்பண்ணனின் குகை. நடுவில் ஆலமரப் பொந்தில் ஒரு கிடங்கு, அதற்குக் கோதண்டம் பொறுப்பு. ஓடைக்கரையில் இன்னொரு கிடங்கு, அதற்கு உடும்பு உலகநாதன் பொறுப்பு. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் மேடு. இடத்துக்கு இடம் ஒரு கிளி. கிளிகள்தான் தகவல் கொண்டுபோகும்.

குளத்தங்கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதற்குத் தகவல் பாறை என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். கிடங்கில் இருக்க வேண்டிய கையிருப்பு இருந்தால் அந்த இடத்தில் பச்சை இலை. குறைந்தால் சிவப்புக் காந்தள் பூ. கிழங்கு கேட்பவர்களுக்கு, அவர்கள் கேட்டது பதிவாகிவிட்டால் பச்சை இலை. தகவல் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொண்டலாத்தியார் தினமும் காலையில் கல்யாணமுருங்கை இலையைப் பறித்து மாற்றி வைப்பார். இதற்குக் கூலியாக ஒரு கரையான் புற்றை முழுசாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பெரியநாயகி ஒரு விளாம்பழத்தைக் காலால் உடைத்து எல்லாவற்றையும் தொடங்கி வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். மரங்கொத்தியும் கொத்தியது.

மழை பிடித்துக்கொண்டது.

மூங்கில் மேட்டில் செவந்தி என்ற முயல் இருந்தாள். அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். மேட்டைச் சுற்றியிருந்த புல்லெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஓடை நிறைந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தொடர்பே அற்றுப் போகும். முந்தைய மழைக்காலமாக இருந்தால் ஓடையைத் தாண்டிக் கருப்பண்ணனிடம் போய் நின்றிருப்பாள். இப்போது அப்படிப் போகக் கூடாது. அதனால் கிளியைக் கூப்பிட்டாள்.

"ஒரு கூடை கிழங்கு வேணும்னு சொல்லு. ஓடை நிறையறதுக்குள்ள வேணும்."

கிளி பறந்துபோய் உலகநாதனிடம் சொன்னது. உலகநாதன் யோசித்தான். ஒரு கூடை கேட்கிறாள், நாளைக்கு இன்னொரு கூடை கேட்டால்? "எதுக்கும் இருக்கட்டும்," என்று ஆலமரத்துக்கு இரண்டு கூடை சொல்லி அனுப்பினான்.

ஆலமரத்தில் கோதண்டமும் யோசித்தான். ஓடைக்கரையிலேயே இரண்டு கூடை தேவை என்றால் நிலைமை மோசம்தான். "எதுக்கும் இருக்கட்டும்," என்று குகைக்கு நான்கு கூடை சொல்லி அனுப்பினான்.

கருப்பண்ணன் பயந்தே போனான். பஞ்சம் வருகிறது போலிருக்கிறது என்று பன்றிகளுக்கு ஒரு குவியலே சொல்லி அனுப்பினான். பன்றிகள் தங்களுக்குள், "காட்டுல யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே மலைச்சரிவு முழுவதையும் தோண்டிப் போட்டன.

"எதுக்கும் இருக்கட்டும்" என்பதை நம்மைப்போல வாய் நிறையச் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. ஒருவர் விருந்துக்கு வந்தால் ஊருக்கே உலை வைக்கிற கை நம் கை. கதை சொல்லுகிற என் வீட்டில் இரண்டு குடை போதும், ஆறு இருக்கிறது. மழையில் நனைந்துதான் வீட்டுக்கு வருகிறேன்.

கிழங்கு வந்து குவிந்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு கேட்டார்களோ அவ்வளவும் அவரவர் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது கொண்டலாத்தியாரின் விதி. கருப்பண்ணன் தன் பங்கை நிறைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினான். கோதண்டமும் தன் பங்கை நிறைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினான். கடைசியில் ஓடைக்கரைக்கு இரண்டு கூடை வந்து சேர்ந்தது.

உலகநாதன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு கேட்டோம், இரண்டு வந்திருக்கிறது. இதில் ஒன்றைக் கொடுத்தால் ஒன்றுதான் மிஞ்சும். தன் இடத்தில் சிவப்புப் பூ வந்துவிடும். காடே பார்க்கும். அவன் கிழங்கின் மேல் உடும்புப் பிடியாகப் படுத்துக்கொண்டான்.

"வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லு," என்றான் கிளியிடம்.

"வந்துக்கிட்டே இருக்கு," என்றது கிளி செவந்தியிடம்.

செவந்தி காத்திருந்தாள். மறுபடியும் கிளியைக் கூப்பிட்டாள்.

"எனக்குப் பால் வத்திடுச்சு. குட்டிங்க கத்துதுங்க. ஒரு கூடைகூட வேணாம், ரெண்டு கிழங்கு இருந்தாப் போதும்."

"உங்க கோரிக்கை பதிவாகிடுச்சு," என்றது கிளி.

அவளுக்கு அழுகை வந்தது. கிளிக்கு முன்னால் அழுவானேன் என்று அடக்கிக்கொண்டாள்.

அதே நேரத்தில் குகையில் கருப்பண்ணன் தன் கிளியிடம், "மூங்கில் மேட்டுச் செவந்தி குட்டி போட்டிருக்காளே, அவளுக்குக் கிழங்கு போய்ச் சேந்துச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க இடம் பச்சை," என்றது கிளி.

"அவ இடம்?"

"அதுவும் பச்சை."

கருப்பண்ணன் நிம்மதியாகக் கிழங்குக் குவியலின் மேல் ஏறிப் படுத்தான். ஈரத்தில் அடிக் கிழங்குகள் முளைவிட்டு அவன் முதுகில் குத்தின. கிழங்கு மேலே படுத்துக்கொண்டு, கிழங்கு எங்கே போயிற்று என்று கிளியிடம் கேட்கிற கரடி! எனக்கு என்னவோ அவனைப் பார்த்தால் கண்ணாடியைப் பார்ப்பது போல இருக்கிறது.

ஒருநாள் குளத்தங்கரையில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். உலகநாதன் கிழங்கின் மேல் ஒரு பெரிய கல்லைப் புரட்டி மூடிவிட்டு வந்திருந்தான். பாறையில் ஒரு சிவப்புப் பூகூட இல்லை.

"இப்படி ஒரு முழுப் பச்சையை நான் எந்தக் காட்டுலயும் பாத்ததில்லை," என்றார் கொண்டலாத்தியார்.

பெரியநாயகிக்குக் காது இரண்டும் பெருமையில் ஆடின. "இதைப் பக்கத்துக் காட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்," என்றாள்.

அப்போது புதருக்குள்ளிருந்து செவந்தி வந்தாள். ஓடையில் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நீந்தி வந்திருந்தாள். உடம்பில் எலும்பு தெரிந்தது. நனைந்த காதுகள் தொங்கின.

"நீ நேர்ல வரக் கூடாதே," என்றார் கொண்டலாத்தியார்.

"தெரியும்ங்க. வகுப்புல சொன்னீங்க."

"என்ன செவந்தி, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"கிழங்கு வரலை பெரியம்மா. குட்டிங்களை மூங்கில் சருகுக்குள்ள விட்டுட்டு வந்திருக்கேன். தண்ணி ஏறறதுக்குள்ள நான் திரும்பணும்."

எல்லோரும் செவந்தியைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் பாறையைப் பார்த்தார்கள். பிறகும் பாறையைத்தான் பார்த்தார்கள்.

"கிழங்கு வந்திருக்கணுமே," என்றான் கோதண்டம். "பச்சையாத்தானே இருக்கு."

"இதுல நான் எது?" என்று கேட்டாள் செவந்தி.

கொண்டலாத்தியார் அலகால் காட்டினார். "அதோ, ஓரத்துல. தளதளன்னு இருக்கே, அதுதான் நீ."

செவந்தி பாறையின் மேல் ஏறினாள். அந்த இலையை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அதைத் தின்னத் தொடங்கினாள். நுனியில் ஆரம்பித்துக் காம்பு வரைக்கும் தின்றாள்.

"ஐயோ, அது நீ நல்லா இருக்கேங்கறதுக்கு அடையாளம்!" என்று கத்தினார் கொண்டலாத்தியார்.

"இப்பத்தாங்க கொஞ்சம் நல்லா இருக்கு," என்றாள் செவந்தி. "பக்கத்து இலையையும் எடுத்துக்கட்டுமா? அது யாருன்னு தெரியலை."

அது கருப்பண்ணன்.

"எடுத்துக்கோ தாயி," என்றான் அவன். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கிழங்கு மேல படுத்துக்கிட்டு, பச்சையா இருக்கேன்னு பெருமைப்பட்ட மக்கு அது. ருசியா இருக்காது."

உலகநாதன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டான். "நம்ம பிடியைப் பத்தி ஊரே பேசும். பசிச்சவகிட்டயிருந்து கிழங்கைக் காப்பாத்தின பிடின்னு இனிமே பேசட்டும்," என்றான்.

பெரியநாயகி மெதுவாக எழுந்தாள். "அசைய வேண்டாம்னாங்க, நானும் அசையலை. இந்த உடம்புக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

"இதுல பயப்பட ஒண்ணும் இல்லைங்க," என்றார் கொண்டலாத்தியார். "சின்னக் கோளாறுதான். அடுத்த தடவை முயல் தின்ன முடியாத இலையா வெச்சுடலாம்."

கோதண்டத்தின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. அவனே இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டான்.

அதற்குமேல் யாரும் கிளியைக் கூப்பிடவில்லை. கருப்பண்ணன் குகைக்கு ஓடினான். கோதண்டம் ஆலமரத்துக்கு ஓடினான். உலகநாதன் முன்னால் ஓடிக் கல்லைப் புரட்டினான். கூடைகளையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு, செவந்தியைத் தலைமேல் உட்காரவைத்துக்கொண்டு, பெரியநாயகி ஓடையில் இறங்கினாள். தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது. இனி ஒரு முயலால் அதைத் தாண்டியிருக்கவே முடியாது.

மூங்கில் மேட்டில் செவந்தி குதித்து இறங்கிச் சருகை விலக்கினாள். உள்ளே குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. கத்தக்கூடத் தெம்பில்லை. ஆனால் எல்லாம் உயிரோடு இருந்தன. செவந்தி ஒரு கையால் கிழங்கைப் பிடித்துத் தின்றுகொண்டே அவற்றை அணைத்துப் படுத்தாள்.

பெரியநாயகி குனிந்து குட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தும்பிக்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இதுங்க பாறையில எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இதுங்களுக்கு இலையே வெக்கலை பெரியம்மா," என்றாள் செவந்தி.

பாறையில் எத்தனை பச்சை இலை இருந்தாலும், எழுந்து நடந்துபோய் நேரில் பார்க்காதவருக்கு அடுத்தவர் பசி தெரியாது.