கிரவுண்டில் விழுந்த கீறல்

சவரிராயன் இருபத்தாறு வருஷம் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் இருமினால், அது எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிவிடுவார். சொன்னது அவரேதான், திமிங்கிலத்தை யாரும் விசாரிக்கவில்லை.

கரைக்கு வந்தபின், ஐம்பத்து நாலாவது வயதில், ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு வரையக் கற்றுக்கொள்ள ஜெயராக்கினியிடம் சீடராகச் சேர்ந்தார். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, வலைக்கடை மாடியில் அந்தம்மாளின் பட்டறை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியதால் ஊருக்கே டீச்சர். சவரிராயன் அவருக்கு வணக்கம் சொல்லும்போதுகூடத் தலை குனியமாட்டார்.

நாட்டுப்படகுக்காரர்கள் ஆபத்தில் கூப்பிட ஒரு ரேடியோப் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். டீச்சர் வரைந்த போர்டில் பேசினால் ஒன்பது கிலோமீட்டர் வரை கேட்டது. சவரிராயன் அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். முகப்பில் ஒரு சிவப்பு லைட். அதன்பிறகு நாலு கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை படகுகள் கடலுக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றில் சவரிராயனின் தம்பியும் போகிறான். எட்டுக் கிலோமீட்டர் கேட்காத பெட்டியைப் படகில் ஏற்றமாட்டோம் என்று படகுக்காரர் சங்கத் தலைவர் ரொமால்டு சொல்லியாகிவிட்டது.

டீச்சர் போர்டைத் திருப்பிப் போட்டார். மேல் பக்கத்தில் சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் மெல்லிய செம்புக் கோடு. அடிப்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு; கிரவுண்டு என்பார்கள். லைட்டுக்கு ஒயர் கொண்டுபோக, சரியாக அந்தக் கோட்டுக்கு அடியில், தகட்டைக் குறுக்கே வெட்டியிருந்தார் சவரிராயன்.

"இந்தக் கீறல் எதுக்கு அண்ணே?"

"லைட்டுக்கு வழி."

"ஆன்டெனாக் கோட்டுக்கு அடியிலயா?"

"கோடு மேல போவுது. நான் கை வச்சது கீழ. கீழ சும்மா கிடக்குத செம்பு. மேல போறவனுக்குக் கீழ கிடக்குதவனால என்ன ஆவப்போவுது டீச்சர்? எனக்குப் பதில் வேணும்."

"ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க அண்ணே."

"பதில் கேட்டா டீயா?"

"சூடா வேணும்."

சவரிராயன் முணுமுணுத்தபடி இறங்கினார். டீக்கடை படிக்கு நேர் கீழே. கண்ணாடிக் கிளாஸ் இரண்டையும் கையில் ஏந்தித் திரும்பினால், மாடிப்படிக் கேட்டில் பூட்டு.

கத்தினார். கப்பலில் புயலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. ஏலக்காரர் வஞ்சிர மீனைப் பிடித்தபடி ஏலத்தை நிறுத்தினார். ஐஸ் பேக்டரி மோட்டாரே ஒரு நிமிஷம் மரியாதைக்கு நின்றது என்பார்கள். துறைமுகம் பூராவும் கேட்டது. மாடி ஜன்னல் மட்டும் அசையவில்லை.

வேறு வழியில்லை. மீன் ஏலக்கூடத்துக்குள் புகுந்து, கூடைக்காரிகளிடம் இடிபட்டு, ஐஸ் பேக்டரியைச் சுற்றி, பின்பக்க இரும்பு ஏணியில் ஏறி வந்து சேர்ந்தார். கிளாஸில் பாதிதான் இருந்தது. அதிலும் ஆடை படிந்திருந்தது.

"கேட்டைப் பூட்டுனது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"போற வழியில நான் கை வைக்கலியே அண்ணே. நீங்க நல்லாத்தான இறங்கிப் போனீங்க?"

சவரிராயன் கிளாஸைப் பார்த்தார். பிறகு போர்டைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பணிந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

"மேல போற கரண்டு கீழ கிடக்குத செம்பு வழியாத்தான் திரும்பி வரணும், அதானே? சரி, கீறலை அடைக்கேன். லைட்டை எடுக்க மாட்டேன். உசுரோட இருக்கா, செத்துப்போச்சான்னு தெரியாத பெட்டியை எந்தக் கடல்காரனும் தொட மாட்டான். உங்க கிரவுண்டும் இருக்கணும், என் லைட்டும் எரியணும்."

"எரியட்டும். யாரு வேண்டாம்னா?"

கீறலின்மேல் செம்புத் தாளை ஒட்டி, இரண்டு கரையிலும் ஈயம் வைத்தார். லைட் ஒயரைத் தூக்கி, மாதா சப்பரம் ஊரைச் சுற்றுகிற மாதிரி போர்டின் ஓரமாகவே சுற்றிக் கொண்டுபோனார். லைட்டுக்கு அவசரம் இல்லை. சுற்றிப் போயும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ரொமால்டு பெட்டியோடு படகேறினார். பட்டறையில் சவரிராயன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். நாலு கிலோமீட்டர். ஆறு. எட்டு. ஒன்பதில் ரொமால்டு கொட்டாவி விட்டது கேட்டது. பத்தில் அவர் வாயில் வெற்றிலை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடத் தெரிந்ததாம்.

சவரிராயன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"இதை வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். ஏலக்கூடமே வேடிக்கை பாக்க என்னையக் கத்தவிட்டு..."

"திங்கக்கிழமை சொன்னேன் அண்ணே. செவ்வாக்கிழமையும் சொன்னேன்," என்றார் டீச்சர். "நான் சொன்னது நல்லாத்தான் போச்சு. உங்ககிட்டயிருந்து ஒண்ணும் திரும்பி வரலியே."