கேசட்டை ஊதத் தெரியாத முதலாளி

வருஷா வருஷம் சென்னையில் வீடியோ கேமுக்கு விருது கொடுப்பார்கள். அந்த வருஷம், சின்ன வயசில் நாமெல்லாம் சோறு தண்ணி மறந்து ஆடின 'வவ்வால் கோட்டை'க்கு விருது.

"மூணு வருஷம் நானே ஆடி ஆடிப் பார்த்து உண்டாக்கினேன்" என்று மேடையில் மார்தட்டினார் அதை வெளியிட்ட கம்பெனியின் முதலாளி தணிகாசலம்.

"உண்டாக்கினது நானுங்க" என்று எழுந்தாள், அவர் கம்பெனியில் வேலை பார்த்த எஸ்தர்.

"அத்தாட்சி இருக்கா உன்கிட்ட?" என்று முறைத்தார் முதலாளி.

"அதெல்லாம் எதுக்குங்க? இதோ அந்த ஆட்டத்தோட பழைய கேசட். ஐயா ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கட்டும், போதும்."

மேடையில் டிவியோடு மாட்டியிருந்த கேம் பெட்டியில் முதலாளி கேசட்டைச் சொருகினார். திரை வெறுமனே வெளுத்துக் கிடந்தது. பெட்டியைத் தட்டினார், குலுக்கினார்.

"ஊதுங்க சார்!" என்று அரங்கமே கத்தியது.

அவர் குனிந்து டிவியை ஊதினார்.

சிரிப்பு அடங்கவே நேரமாச்சு. எஸ்தர் கேசட்டை உருவி, அடியில் இருந்த தூசியை இரண்டு ஊது ஊதிச் சொருகினாள். அந்தப் பழைய மெட்டு கிளம்பியதும் நரைத்த தலைகளெல்லாம் எழுந்து நின்று விசிலடித்தன. விருதை யாரிடம் கொடுப்பது என்று அப்புறம் ஒருத்தரும் கேட்கவில்லை.