வான்கோழிக்கு ஊர் ஊராய்ப் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் கோழியும் பேசும், குதிரையும் பேசும். சமையற்காரர்கள்தான் அடுத்தவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள். அது இன்றும் மாறவில்லை, போகட்டும்.

ஐரோப்பாவில் ஒரு ராஜா வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மூன்று நாட்டுச் சமையற்காரர்கள் வந்திருந்தார்கள்: இங்கிலாந்து மில்ட்ரெட், பிரான்ஸ் ஒடெட், போர்ச்சுகல் ஜோவாக்கிம். கொல்லைக் கூண்டில் கப்பலில் வந்திறங்கிய ஒரு வான்கோழி. பெரிய உடம்பு, சுருங்கிய சிவப்புக் கழுத்து. அப்படியொரு பறவையை அங்கே யாரும் பார்த்ததில்லை.

அடுப்படிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பறவையிடம் ஊரைக் கேட்டு, அந்த ஊர்ப் பக்குவத்தில்தான் சமைக்க வேண்டும். ஊர் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது.

மில்ட்ரெட் முதலில் வந்தாள். "ஏய், உனக்கு எந்த ஊர்?"

சொந்த ஊர் அமெரிக்கா. சொன்னால், கப்பல்காரர்களிடம் பக்குவம் கேட்டுவந்து கழுத்தை அறுத்துவிடுவாள். வான்கோழி வாய்க்கு வந்ததைச் சொன்னது.

"துருக்கி, அம்மா. எங்கள் பக்குவம் உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாது. வாய்விட்டுச் சொல்வாளா?

"எனக்கா தெரியாது! நாளைக்குப் பார்" என்று விறுவிறுவென்று போய்விட்டாள்.

அடேயப்பா, இவ்வளவுதானா இவர்கள் என்று புரிந்துபோயிற்று வான்கோழிக்கு. பிறகு வந்த ஒடெட்டிடம் "இந்தியா" என்றது. ஜோவாக்கிமிடம் "பெரு" என்றது. அவர்களும் எல்லாம் தெரிந்தவர்களாய்த் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

விருந்தன்று காலை வான்கோழியை மேசைமேல் நிறுத்தி, மூவரும் கத்தியோடு வந்தார்கள்.

"துருக்கிக் கோழியை நான் பார்த்துக்கொள்கிறேன். தள்ளுங்கள்" என்றாள் மில்ட்ரெட்.

"துருக்கியா? கண்ணைக் கழுவிக்கொண்டு வா. இது இந்தியா" என்றாள் ஒடெட்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கம்மா! பெருவிலிருந்து வந்தது. பார்த்த உடனே கண்டுபிடித்தேன்" என்றான் ஜோவாக்கிம்.

பறவையையே இன்னொரு தடவை கேட்கலாம் அல்லவா? மாட்டார்கள். கேட்டால், ஏமாந்தது யாரென்று தெரிந்துவிடுமே. பறவையை விட்டுவிட்டு ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கத்தியை ஆட்டினார்கள்.

வான்கோழி நிதானமாக மேசையிலிருந்து இறங்கியது. வாசலில் நின்று, "ஊர் முடிவானதும் கூப்பிடுங்கள், வருகிறேன்" என்று சொல்லி, வாலை விசிறியாய் விரித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தது. ராஜா வீட்டு விருந்தாளிகள் அன்று முட்டைக்கோஸ் சூப் குடித்தார்கள்.

முடிவு இன்னும் ஆகவில்லை. மூவரும் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல், தாங்கள் சொன்னதையே ஊருக்குப் போய்ப் பரப்பினார்கள். அன்று முதல்தான் அந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் துருக்கியின் பெயர், பிரெஞ்சில் இந்தியாவின் பெயர், போர்ச்சுகீசில் பெருவின் பெயர். யாராவது கிட்டே போனால் மூன்று ஊரையும் ஒரே மூச்சில் அது கொட்டுவதுதான் நம் காதில் 'குளுகுளுகுளு' என்று விழுகிறது.