உலகம்மாளின் பரீட்சை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூலிகை வைத்தியம் படிக்க மரகதம் அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தவர் சங்கரபாண்டியன். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். அன்று அவர் தன் மனைவி உலகம்மாளை இழுக்காத குறையாகக் குருவின் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

வந்ததும் வராததுமாக ஒரு பையைத் தரையில் கவிழ்த்தார். மறதிக்கான வல்லாரைப் பொடி, நீர்ப்பிரமி லேகியம், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மாத்திரைப் புட்டிகள்.

"எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சும்மா. ஒண்ணும் கேட்கலை. நேத்து கஷாயத்தை என் சட்டை மேலேயே துப்பிட்டா. நீங்க சொல்லிக்கொடுத்ததெல்லாம் வெறும் தழைதானா?"

குரு கோபப்படவில்லை. "ஞாபகம் திரும்புதா இல்லையான்னு எப்படிப் பார்க்கீங்க?"

"கேட்டுத்தான். எந்திரிச்சதும் என் பேர் என்னன்னு கேட்பேன். முழிப்பா. பிள்ளை பேரு, ஊரு, கிழமை, எதைக் கேட்டாலும் அதே முழி. இத்தனை வருசம் கூடவே இருந்தவம்மா! எரிச்சல் வருமா, வராதா?"

குரு உலகம்மாள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

உலகம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த அண்ணாச்சி நல்லவருதான். சோறெல்லாம் ஊட்டுதாரு. ஆனா தினமும் பரீட்சை வைக்காரு. தப்பாச் சொன்னா மூஞ்சி மாறிடுது. விடியப் போகுதுன்னாலே பயமா இருக்கு."

சங்கரபாண்டியன் தரையில் குனிந்தார். சிந்திக் கிடந்த பொடியைக் கையால் கூட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, வேற மருந்து சொல்லுங்க" என்றார்.

"டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுங்க. போனதைத் திருப்பிக் கொண்டுவர்ற தழை என்கிட்ட இல்லை" என்றார் குரு. "நாளைக்குக் காலையில அவங்ககிட்ட ஒண்ணும் கேட்காதீங்க. உங்க பேரை நீங்களே சொல்லுங்க. நான் இன்னார், உன் வீட்டுக்காரன்னு."

"மத்தியானமே மறந்துருவாளே!"

"மத்தியானமும் சொல்லுங்க."

சங்கரபாண்டியனுக்குப் பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்கியது. "ஒரே விசயத்தை மனுசன் எத்தனை தடவைதாம்மா சொல்லுதது?"

"சொல்ற உங்களுக்குத்தான் அத்தனை தடவை" என்றார் குரு. "கேட்கிற அவங்களுக்கு எப்பவும் முதல் தடவைதானே."