விராலுக்கு மூச்சுத் திணறவில்லை

மலையடிக் குளத்தில் வேலம்பாசி மெலிந்துகொண்டே வந்தது. மீன்குஞ்சுகளுக்கு ஒளிய இடமில்லை. கரையோர நுணா மரத்தில் உட்கார்ந்திருந்த மீன்கொத்திக்கு மட்டும் நல்ல காலம்.

அன்று காலை கெண்டையின் மூத்த குஞ்சு அதன் அலகில் போய்விட்டது. கெண்டை கரைக்கு வந்து குரங்கைக் கூப்பிட்டது.

"இந்தக் காட்டில் கை உள்ளவன் நீதான். பாசி தழைக்க ஒரு வழி செய்."

குரங்கு தலையைச் சொறிந்தது. "பனங்காட்டில் ஒரு பள்ளம் உண்டு. அதன் நீரில் ஒரு கள்ளுக்கலயம் சரிந்து கிடந்தது. கள் புளிக்கப் புளிக்க அதிலிருந்து காற்று குமிழி விட்டது. அந்தப் பள்ளத்துப் பாசியைப் பார்க்க வேண்டுமே, ஆடு மேயலாம்! அந்தக் காற்றுதான் பாசிக்குச் சோறு போலிருக்கிறது."

"அப்படியானால் அந்தச் சோற்றை இங்கேயும் போடு."

குரங்கு ஒரு கலயத்தில் பனஞ்சாறு கொண்டுவந்தது. புளிப்பதற்காகப் பழைய கள்ளின் மண்டியைக் கொஞ்சம் ஊற்றியது. கலயத்தின் வாயைக் களிமண்ணால் அடைத்து, நீளமான பப்பாளித் தண்டு ஒன்றை அதில் செருகியது. தண்டின் மறுமுனையைக் குளத்துக்குள் விட்டது.

குமிழிகள் பெரிது பெரிதாகக் கிளம்பி, மேலே போய் உடைந்தன.

"பாசிக்குப் போட்ட சோறு வானத்துக்குப் போகிறதே" என்று நத்தை சிரித்தது.

குரங்கு ஒரு வேப்பங்குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தண்டின் முனையில் அடைத்தது. இப்போது குமிழிகள் கடுகைப் போலச் சிறுத்து, நீரிலேயே கரைந்தன.

"ஒன்றைக் கேட்டுக்கொள்" என்று கெண்டையிடம் சொன்னது குரங்கு. "பாசி வெயிலில்தான் சாப்பிடும். பொழுது சாய்ந்தால் தண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். இது மூச்சுக்கு ஆகாத காற்று; பாசி தின்னாமல் நீரில் தேங்கினால் உங்களுக்குத் திணறும். அந்தப் பள்ளத்தில் விடியும்போது தலைப்பிரட்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்."

சொன்னபடியே நடந்தது. பாசி பச்சை பிடித்தது. உச்சி வெயிலில் அதன் இலைகளில் முத்து முத்தாகக் குமிழி கோத்து நின்றது. குஞ்சுகள் உள்ளே புகுந்து விளையாடின.

அந்தக் குளத்துக்கு விரால்தான் தலைவன். அடர்ந்த பாசியில் படுப்பது அதற்குச் சுகம். அது குரங்கைத் தனியே அழைத்தது.

"இரவிலும் தண்டு உள்ளேயே கிடக்கட்டும். பாசி இன்னும் அடரும். உனக்கு நாள்தோறும் அல்லிக்கிழங்கு தோண்டித் தருகிறேன்."

கிழங்கைக் கண்டதும் குரங்குக்குத் தலைப்பிரட்டைகள் மறந்துபோயின.

மறுநாள் விடியலில் குஞ்சுகளெல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. மீன்கொத்தி பாய்ந்தது. கெண்டைக்கு இன்னொரு குஞ்சும் போயிற்று.

கெண்டை நேரே விராலிடம் போனது.

"தலைவரே, மூச்சு விட முடியவில்லை. இரவில் தண்டை எடுக்கச் சொல்லுங்கள்."

விரால் மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கி வந்தது. "எனக்கு ஒன்றும் திணறவில்லையே. குறை நீரில் இல்லை, உங்கள் செவுளில் இருக்கிறது. பாசி வேண்டும் என்று கேட்டதே நீதானே?"

"ஒளிய இடம் கேட்டேன். சாக இடம் கேட்கவில்லை."

"வாய் நீளுகிறது. ஓடைக்கு விரட்டிவிடுவேன்."

"விரட்டுங்கள். அதற்கு முன் நாளை விடியலில் எங்களோடு அடிமண்ணில் வந்து படுங்கள். வெயில் ஏறும்வரை மேலே போகாமல் இருந்து காட்டுங்கள். இருந்துவிட்டால் நான் இனி வாய் திறக்கமாட்டேன்."

"அந்த நிம்மதிக்காகவே வருகிறேன்" என்றது விரால்.

விடியலில் குளமே கூடிவிட்டது. விரால் வந்து அடிமண்ணில் படுத்தது. பக்கத்தில் கெண்டையும் படுத்தது. கெண்டையின் செவுள் படபடவென்று அடித்தது. ஆனாலும் அது அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் விராலின் வால் துடித்தது. பிறகு உடம்பு முழுதும் முறுக்கியது. சட்டென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கியது.

"தலைவரே, செவுளில் குறையோ?" என்றது நத்தை.

"உங்களுக்கும் இந்த நீர் போதவில்லை" என்றது கெண்டை. "ஆனால் மேலே போனால் உங்களுக்குக் காற்று. எங்களுக்கு மீன்கொத்தி. உங்கள் உடம்பை எந்தப் பறவை தூக்கும்?"

விராலுக்கு முகம் கறுத்தது. "தண்டு உள்ளேதான் கிடக்கும். நான் சொன்னால் சொன்னதுதான்."

அன்று பொழுது சாய்ந்தது. நத்தை மெல்ல ஊர்ந்து போய்த் தண்டின் முனைமேல் ஏறி உட்கார்ந்தது. தன் ஓட்டின் வாயைத் தண்டின் முனையோடு இறுக அழுத்திக்கொண்டது. ஒரு குமிழிகூட வரவில்லை.

விரால் வந்து முட்டியது. "இறங்கு."

"புளித்துப்போன இந்த நீர் என் முதுகு ஓட்டையே அரிக்கிறது. நான் எங்கே இறங்க?" என்று சொல்லிவிட்டு நத்தை தன் மூடியைச் சாத்திக்கொண்டது.

விரால் மறுபடி முட்ட வந்தது. அதற்குள் கெண்டை குறுக்கே வந்து நின்றது. அதைப் பார்த்து மற்றக் கெண்டைகளும் வந்தன. துடுப்போடு துடுப்பு உரச, நத்தையைச் சுற்றி வளையமாக நின்றன.

"நகருங்கள்."

"மாட்டோம்."

"விழுங்கிவிடுவேன்."

"மூச்சு முட்டிச் சாவதற்கு அது மேல்" என்றது கெண்டை.

விரால் வாயைப் பிளந்தது. அப்போது கரையில் 'டப்' என்று ஒரு சத்தம். போக வழியில்லாத காற்று களிமண் அடைப்பைப் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. பக்கத்தில் கிழங்கு தின்றுகொண்டிருந்த குரங்கின் முகமெல்லாம் புளித்த கள்.

குரங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு குளத்துக்குள் பார்த்தது. விராலின் பிளந்த வாயும், அதன் முன் நகராமல் நின்ற கெண்டைகளும் தெரிந்தன. கையிலிருந்த கிழங்கைத் தூர எறிந்தது. தண்டை மெதுவாக வெளியே இழுத்தது.

விரால் சீறியது. "யாரைக் கேட்டு எடுத்தாய்?"

"திணறுகிறவர்களைக் கேட்டு" என்றது கெண்டை.

மறுநாள் குரங்கு கலயத்தை மறுபடி அடைத்தது. காலையில் தண்டு உள்ளே, மாலையில் வெளியே. அளவு சரிதானா என்று பார்க்க, அது இப்போது கெண்டையின் செவுளைத்தான் பார்க்கிறது. பாசி நிதானமாக வளர்கிறது. விரால் மட்டும் முன்போல மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கிப் போகிறது.

தன் மூச்சுக்கு வேறு வழி வைத்திருப்பவன் "எல்லாம் நலம்" என்று சொன்னால் அடங்கிப் போகாதே. அளவைச் சொல்லும் உரிமை திணறுகிறவனுக்கே உண்டு.