சிவப்புக் கொண்டைச் சேவல் யாருக்கு?

கதை கேட்டுக்கொண்டே கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். இடையில் சொன்ன எதையாவது தவற விட்டால் விடை கிடைக்காது.

தாராபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் சாமியாத்தாள் என்று ஒருத்தி. நூல் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இருமல் அவளோடு வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு நாள், "இனி மில்லு வண்டி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எண்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இறக்கினாள். குஞ்சுகள் பிழைத்தால் வீட்டோடு பிழைப்பு. செத்தால் மறுபடி மில்லு. மில்லு வண்டி இன்னும் தினமும் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறது.

குஞ்சுகளை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். கொட்டகையில் மண் தரை, அதன் மேல் நெல் உமி. விடிந்ததும் வாசலுக்குச் சாணி தெளிப்பாள். வாளியில் மிச்சமிருப்பதைக் கொட்டகை உமியின் மேலும் தெளித்துவிடுவாள். தூசி பறக்கக் கூடாது, தன்னைப் போல இந்த உயிர்களும் இருமக் கூடாது என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

இருபத்திரண்டாம் நாள் நாலைந்து குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் ஒண்டின. கோழி வளர்த்துப் பழகிய பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி வாலை விலக்கினாள். கீழே எச்சத்தையும் குச்சியால் கிளறினாள்.

"அம்மணி, இது குளிரில்ல. எச்சத்துல ரத்தம் பாரு. நோவு குடலுக்குள்ள இருக்குது. இன்னைக்கே ஆசுபத்திரிக்கு ஆளனுப்பு."

சாமியாத்தாளின் கணவன் மயில்சாமி எச்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினான். டாக்டரம்மா கருவியில் வைத்துப் பார்த்து, ரத்தக் கழிச்சல் என்றார். சீட்டில் முன்னும் பின்னும் எழுதிக் கொடுத்தார். குடிதண்ணீரில் ஐந்து நாள் கலக்க வேண்டிய பொடி முன்பக்கம். மயில்சாமி பொடியை வாங்கியதும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டான். மருந்து கிடைத்த பிறகு சீட்டு எதற்கு என்று நினைக்கிற மனிதன் அவன்.

சாமியாத்தாள் ஐந்து நாளும் வேறு தண்ணீர் காட்டவில்லை. துவண்ட குஞ்சுகளைப் பிரித்து வைத்து, மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பதினான்கு போயின. பிறகு சாவு நின்றது. ஆனால் ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி மூலையில் ஒண்டல், மறுபடி ரத்தம். இன்னும் பதினொன்று போயின.

அவள் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "மிச்சம் அம்பத்தஞ்சு இருக்குது. மறுபடியும் மருந்து வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மருந்து கலந்த அன்றே அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அண்ணன் பெண் வயசுக்கு வந்துவிட்டாள், தெரட்டிச் சீர். அத்தைக்காரி இல்லாமல் எப்படி? கணவனுக்கும், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அவன் தங்கை கோமதிக்கும் எல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகிறபோது ஒரு வார்த்தை விட்டாள்: "இந்த நோவு திரும்பி வராமப் பண்றவங்களுக்கு, மொதல்ல கொண்டை சிவக்கிற சேவல் குஞ்சு."

சீரெல்லாம் முடிந்து, பதினெட்டு நாள் கழித்துத் திரும்பினாள். அதே பொடி, அதே ஐந்து நாள். குஞ்சு ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்றின் தலையில் கொண்டை சிவப்பாக எட்டிப் பார்த்தது.

"நான் சொல்லலீன்னா நோவே தெரிஞ்சிருக்காது" என்றாள் தெய்வாத்தாள்.

"ரெண்டு தடவையும் மருந்து வாங்கியாந்தது ஆரு?" என்றான் மயில்சாமி.

"நானுந்தானே பாத்துக்கிட்டேன் அண்ணி?" என்றாள் கோமதி.

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீயா! வெயில் ஏறற வரைக்கும் தூங்குன. பதினெட்டு நாளா இந்த வீட்டு வாசல்ல ஒரு சொட்டுச் சாணித் தண்ணி விழுகல. வாளி கவுத்தது கவுத்தபடி கெடக்குது!"

சாமியாத்தாள் வாளியைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு கை உமியை அள்ளினாள். அது விரலிடுக்கில் சரசரவென்று உதிர்ந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைப்படி, அந்தச் சேவல் யாருக்கு?

விடை: சேவல் கோமதிக்கு. நோயை இனம் கண்டவள் தெய்வாத்தாள், சாவை நிறுத்தியது மருந்து. இரண்டும் இல்லாமல் குஞ்சுகள் இல்லை. ஆனால் இரண்டும் முதல் தடவையும் இருந்தன, நோய் திரும்பியது. இரண்டாம் தடவை மாறியது ஒன்றே ஒன்று: கோமதி தூங்கியதால் சாணித் தண்ணீர் விழவில்லை, உமி காய்ந்து கிடந்தது. எச்சத்தோடு விழும் நோய்க் கிருமி ஈரத்தில்தான் வலுப்பெற்றுக் குஞ்சின் குடலுக்குத் திரும்பும். சீட்டின் பின்பக்கம் டாக்டரம்மா எழுதியிருந்ததும் அதுதான்: "தரையில் ஈரம் கூடாது." சாமியாத்தாள், "எங் கையாலயே கெடுத்தனே" என்று ஒரு நிமிஷம் கலங்கி நின்றுவிட்டு, சேவலைத் தூக்கிக் கோமதியிடம் கொடுத்தாள். "அப்ப நாளைக்கும் தூங்கலாமா அண்ணி?" என்று கேட்டாள் அவள். "தூங்கு கண்ணு. எந்திரிச்சதும் உமியக் கெளறி விடோணும்" என்றாள் சாமியாத்தாள். மறுநாள் காலை தெருமுனையில் மில்லு வண்டி ஹாரன் அடித்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உமியைக் கிளறிக்கொண்டிருந்த சாமியாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.